வாயில்லா ஜீவனின் ஹக்கு

சென்ற தவணையில், விலங்குகளின் வகைப்பாடு படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், எட்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பெரட் எண்ட சாமானை ஊட்டுல வளக்கேலுமா?" என்று கேட்டான். கட்டாரில் இருக்கும் அவனுடைய காக்கா காணொளி ஒன்றை அனுப்பியிருந்தாராம். நீண்ட உடம்பும் குட்டைக் காலும் கொண்ட வெள்ளைப் பிராணி ஒன்று மெத்தையில் துள்ளி விளையாடுவதை வகுப்பில் பாதிப்பேர் ஏற்கனவே பார்த்திருந்தார்கள். எத்தாளையின் மணல் ஒழுங்கைகளுக்குள்ளும் உலகம் இப்படித்தான் வந்து சேர்கிறது.

அவன் 'ஏலுமா' என்று கேட்டதற்கு நம்மவரிடையே வழக்கமான பொருள், அது ஹலாலா ஹராமா என்பதுதான். அதை மௌலவிமார் ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார்கள். மார்க்கம் அனுமதித்த ஒன்றை நாம் எடுக்கும்போது நம் தோளில் என்ன ஏறுகிறது என்பதை ஒரு வசனத்தில் சொல்ல முடியாது. ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவருமுன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பது பற்றி நமது எழுத்துகளில் அதிகம் பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆடு, மாடு, கோழி பற்றிப் பேசியிருக்கிறோம். பயனுக்காக அல்லாமல் ஆசைக்காக வளர்ப்பது பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

முதலில் அந்தப் பெரட்டையே எடுத்துக்கொள்வோம். மனிதன் அதை இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகப் பழக்கி வைத்திருக்கிறான். கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ, முயல் தொல்லையை ஒழிக்க ஐபீரியப் பகுதியில் இப்படியொரு பிராணியைப் பொந்துக்குள் விட்டு வேட்டையாடியதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆறு முதல் எட்டு வருடம் வாழும். நாளில் பாதிக்கு மேல் தூங்கும். தூங்காத நேரத்தில் ஓடித்திரிய இடம் வேண்டும், கூட விளையாட ஆள் வேண்டும். அது முற்றிலும் இறைச்சி தின்னும் பிராணி. குடல் குட்டை என்பதால் தின்றது மூன்று நான்கு மணித்தியாலத்தில் வெளியேறிவிடும். எனவே அடிக்கடி தின்ன வேண்டும். சோறும் பருப்பும் அதற்கு ஆகாது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் தொற்றினால் அநேகமாகப் பிழைக்காது. வெப்பநிலை முப்பது பாகையைத் தாண்டினாலே அதன் உயிருக்கு ஆபத்து. நமது குடாநாட்டில் பகல் முப்பதைத் தாண்டாத நாட்களை விரல் விட்டு எண்ணலாம். நமது பக்கத்துக் கால்நடை வைத்தியர் மாடும் ஆடும் கோழியும் பார்த்துப் பழகியவர்.

இன்னொன்று, அந்தக் காணொளியில் இருக்காதது. பெண் பெரட்டுக்கு வேட்கைக் காலம் வந்து, இணை சேராவிட்டால் அந்த நிலை தானாக நீங்குவதில்லை. உடலில் ஈஸ்ட்ரஜன் மிகுந்து, எலும்பு மச்சையில் இரத்தம் உண்டாவது குன்றி, இறந்தும் போகலாம். அதனால் வளர்ப்போர் அதற்குக் கருத்தடை செய்துவிடுகிறார்கள். பிராணிகளுக்குக் காயடிப்பது பற்றி நமது ஷாபிஈ நூல்களின் விதி இறுக்கமானது. பிராணியின் நலனைக் கருதி அனுமதிக்கும் இக்கால உலமாக்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு பிராணியைத் தனியே ஒரு பெட்டிக்குள் வைத்த மாத்திரத்தில், அதன் உடலின் உள்ளியக்கத்துக்கும் நாமே பொறுப்பாளிகளாகிவிடுகிறோம் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அந்த மாணவனிடம் இதை அவன் வயதுக்கு ஏற்ற முறையில் சொன்னேன். அவன் வாடிவிட்டான். "அப்ப கீரிப்பிள்ள?" என்றான் அடுத்து.

அவனை அறியாமலேயே அவன் சரியான இடத்துக்கு வந்துவிட்டான். பெரட்டின் குடும்பம் வேறு, கீரியின் குடும்பம் வேறு. ஆனால் கதை உலகில் இவை இடம் மாறிய வரலாறு ஒன்று உண்டு. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, வாயில் இரத்தத்தைக் கண்டு அவசரப்பட்டுக் கொன்ற பார்ப்பனியின் கதை பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. அது பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பஃவின் கையால் 'கலீலா வ திம்னா'வாக அறபுக்கு வந்தபோது கீரி 'இப்னு இர்ஸ்' ஆகிவிட்டது. பெரட்டின் நெருங்கிய உறவான மரநாய் இனத்துக் குட்டிப் பிராணி அது. நம் தமிழில் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் அதே கதை, கோவலனின் கருணைக்குச் சான்றாக வருகிறது. தமிழில் அது கீரிப்'பிள்ளை'. அறபியிலும் அது 'இப்னு', அதாவது மகன். இரண்டு மொழிக்காரரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வைத்த பெயர்கள் அல்ல இவை. என்றாலும் இரண்டு மொழியிலும் வாழ்கிற நம்மைப்போன்றவர்கள் இதைக் கண்டு ஒரு கணம் நிற்காமல் போக முடியாது.

இந்தக் கதையை அவசரம் கூடாது என்ற படிப்பினைக்காகவே வகுப்புகளில் சொல்கிறோம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்தத் தாய் கீரியைப் பிள்ளையோடு பிள்ளையாகத்தான் வளர்த்தாள். ஆனால் இரத்தத்தைக் கண்ட கணத்தில் அவளுடைய கண்ணில் அது மிருகமாகிவிட்டது. இரண்டில் உண்மையாக மிருகம் இடறியது எந்தப் பார்வையில் என்றால், முதலாவதிலும்தான் என்பேன். பிள்ளை என்று அழைத்தது அவளுடைய ஆசை. கீரி அன்றும் கீரியாகவே இருந்தது. பாம்பைக் கொன்றதும் கீரியாக இருந்ததால்தான். நாம் பிள்ளை என்று பெயர் வைப்பதில் அன்பு இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை எந்த நேரமும் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையையும் நாமே வைத்திருக்கிறோம். கீரிக்கு அந்தப் பேரத்தில் எந்தச் சொல்லும் இல்லை.

இலங்கையில் நான்கு வகைக் கீரிகள் உண்டு. நமது வெங்காயத் தோட்டத்து வேலியோரங்களில் ஓடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். குட்டியாகப் பிடித்தால் பழகும் என்பது மெய். வளர்ந்ததும் கடிக்கும் என்பதும், அது விசர்நோயைக் காவக்கூடிய பிராணி என்பதும் அதே அளவுக்கு மெய். காட்டுயிர் எதையும் பிடித்து வைக்குமுன் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரிக்கவும் வேண்டும். வீட்டை விட்டு நாட்டையே மாற்றி வைத்த கதைகளும் உண்டு. 1872இல் எலிகளை ஒழிக்கவென்று ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கீரிகளைக் கொண்டுபோனார்கள். 1883இல் ஹவாய்த் தீவுகளுக்கு அங்கிருந்து கொண்டுபோனார்கள். நியூசிலாந்தில் முயலை ஒழிக்க 1880களில் பெரட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். எங்கும் அவை அந்த மண்ணின் பறவைகளைத் தின்றன. பிறகு அவற்றையே ஒழிக்கத் திட்டம் போட்டார்கள். பிராணி செய்த பிழை என்ன?

நம் ஊருக்கு வருவோம். நமது வீடுகளில் கீரி குறைவு, கிளி அதிகம். பட்டுப்போன தென்னங்குற்றியின் பொந்தில் கிளி முட்டையிடும். சிறுவர்கள் மரமேறிக் குஞ்சை எடுப்பார்கள். வாப்பா கம்பிக் கூடு செய்து கொடுப்பார். சலாம் சொல்லப் பழக்குவார்கள். விருந்தாளிகள் வந்தால் கிளி சலாம் சொல்லும், எல்லோரும் மாஷா அல்லாஹ் என்பார்கள். இதில் என்ன குற்றம் என்று கேட்பவருக்குக் காட்ட ஆதாரமும் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் 'நுகைர்' என்ற சிறு குருவியை வைத்து விளையாடினார். நபியவர்கள் (ஸல்) வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குருவி என்ன செய்கிறது என்று சிறுவனிடம் விசாரிப்பார்கள். ஷாபிஈ அறிஞரான இப்னுல் காஸ் இந்த ஒரு சம்பவத்திலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார். குழந்தை பறவையோடு விளையாடலாம் என்பது அவற்றில் ஒன்று.

அதே நபியவர்கள்தான் ஒரு பயணத்தில், குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டு, இதனுடைய பிள்ளைகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. முதலாவதைச் சொல்பவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. இரண்டாவதைச் சொல்பவர்கள் முதலாவதை மறைத்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றவில்லை. ஒன்றில் சிறுவனின் பக்கம் நின்று குருவியைப் பார்க்கிறோம், மற்றதில் தாயின் பக்கம் நின்று பார்க்கிறோம். வளர்க்கலாமா என்ற கேள்விக்கு முன்னால், இது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி இருக்கிறது. சந்தையில் வாங்கினேன் என்பது அதற்குப் பதிலாகாது. விற்றவன் எங்கே எடுத்தான்? தென்னங்குற்றியில்தான்.

கிளி கூட்டில் இருபது வருடத்துக்கு மேலும் இருக்கும். பன்னிரண்டு வயதில் குஞ்சை எடுத்த பையன் ஓ.எல். எழுதி, வெளிநாடு போய், கல்யாணம் முடித்துத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போதும் அது அதே கம்பியைக் கொத்திக்கொண்டிருக்கும். இந்த இடைக்காலத்தில் அதற்குத் தண்ணீர் வைத்தவர் யார்? பெரும்பாலும் உம்மாதான். ஆசைப்பட்டவர் ஒருவர், பொறுப்புச் சுமந்தவர் இன்னொருவர். நமது வீடுகளில் எத்தனையோ விடயங்களில் நடப்பதுபோல இதிலும் நடக்கிறது. ஆசைப்படும் பிள்ளையிடம் இதைக் கேட்க வேண்டும்: நீ இல்லாத நாளில் யார்?

இந்த 'யார்' என்பதை நமது பிக்ஹு அறிஞர்கள் எவ்வளவு துல்லியமாக யோசித்திருக்கிறார்கள் என்பதை மத்ரஸாவில் கிதாபு ஓதியவர்கள் அறிவார்கள். ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நமது நாட்டு மத்ரஸாக்களுக்குப் புதியதல்ல. அதில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் நபகாவைப் பேசும் அதே பகுதியின் முடிவில் கால்நடைகளின் நபகா வருகிறது. ஆசிரியர் என்ற முறையில், எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் கவனிப்பேன். பிராணியின் உரிமையாளர் அதற்குத் தீனும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மறுத்தால், உண்ணத்தக்க பிராணியாயின் விற்கவோ தீன் போடவோ அறுக்கவோ கட்டாயப்படுத்தப்படுவார். உண்ணத்தகாததாயின் விற்க வேண்டும், அல்லது தீன் போட வேண்டும். குட்டிக்குக் கேடு வரும் அளவுக்குப் பால் கறக்கவும் கூடாது. ஹிஜ்ரி 660இல் வபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) இன்னும் ஒரு படி போனார். பிராணி கிழடாகி, நோயாகி, அதனால் எந்தப் பயனும் இல்லை என்றாகிவிட்ட பிறகும் செலவழிப்பது அதன் உரிமை என்றார். 'பயனில்லாத பிறகும்' என்பதுதான் அதில் பெரிய சொல். ஆசைக்கு வளர்க்கும் பிராணியின் முதல் நாளே பயனில்லாத நாள்தானே.

சரி, வளர்க்க முடியாவிட்டால் திறந்து விட்டுவிடலாமே? நமது ஊரில் எல்லோரும் சொல்லும் பதில் இதுதான். இதற்கும் ஹதீஸ் காட்டுவார்கள். பூனையைக் கட்டி வைத்து, உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை நாமெல்லோரும் சிறுவயதிலேயே கேட்டது. ஆக, ஒன்றில் தீன் போடு, இல்லாவிட்டால் அவிழ்த்துவிடு. உண்மைதான். ஆனால் அவிழ்த்துவிடுவது எப்போது போதுமானதாகும் என்பதையும் மின்ஹாஜின் உரைகாரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேய விடுவது தீன் போடுவதற்கு ஈடாகும். ஆனால் அந்தப் பிராணி அப்படி மேய்ந்து பழகியிருக்க வேண்டும், கிடைப்பது அதற்குப் போதுமாகவும் இருக்க வேண்டும். நிபந்தனை இரண்டு. பூனை இரண்டையும் நிறைவேற்றும். பெரட் ஒன்றையும் நிறைவேற்றாது. இரண்டாயிரம் வருடமாக மனிதனிடம் தின்ற இனத்தில் பிறந்து, கூட்டில் வளர்ந்த ஒன்றை நமது கற்றாழைப் புதருக்குள் விட்டால், அதை விடுதலை என்று சொல்ல முடியாது. கூட்டில் பத்து வருடம் இருந்து சிறகு சோர்ந்த கிளிக்கும் அப்படித்தான். கதவைத் திறந்தவருக்கு மனம் இலேசாகிவிடும். பறந்த கிளி அடுத்த வேலியில் காகத்திடம் அகப்படுவதை அவர் காண்பதில்லை.

இந்த இரண்டு நிபந்தனைகளையும் நினைக்கும்போது எனக்குக் கழுதைகள்தான் நினைவுக்கு வரும். புத்தளம் என்றதும் வெளியூரார் உப்பையும் கழுதையையும் சொல்லிச் சிரிப்பார்கள். நாமும் வகுப்பறையில் அதை ஏச்சுச் சொல்லாக வைத்திருக்கிறோம். அறபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உப்பளத்திலிருந்து உப்பைச் சுமந்தது அதுதான். விறகும் தண்ணீரும் சுமந்தது அதுதான். பிறகு லொறி வந்தது. உப்பு லொறியில் ஏறியது. கழுதையை எவரும் விற்கவில்லை, வாங்க ஆளில்லை. தீன் போடவுமில்லை, பயனில்லை. அறுக்கவும் முடியாது, வீட்டுக் கழுதையின் இறைச்சி நமக்கு விலக்கப்பட்டது. ஆகவே அவை விடப்பட்டன. விட்ட காலத்தில் அது பெரிய கொடுமையாக இருந்திருக்காது. களப்போரத்தில் புல்வெளி இருந்தது, ஒருவேளை நிபந்தனை இரண்டும் நிறைவேறியிருக்கலாம். இன்று அந்த வெளிகளில் இறால் பண்ணை வந்தது, வேலியடைத்த தோட்டம் வந்தது, சுற்றுலா விடுதி வந்தது. கழுதைகள் பாலாவி கற்பிட்டி றோட்டுக்கு வந்துவிட்டன. இரவில் தாரின் சூட்டில் படுக்கும். வாகனம் அடிக்கும். கால் முறிந்து நாட்கணக்கில் நிற்கும். மன்னாரில் இப்படியான கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் உண்டாக்க வேண்டி வந்தது.

இவற்றுக்கு உரிமையாளர் யார்? இறந்து போனார். அவருடைய வாரிசுகள் காணியைப் பங்கிட்டார்கள், தென்னையைப் பங்கிட்டார்கள். கழுதையின் நபகாவை எவரும் பங்கிட்டதாகக் கேள்விப்படவில்லை. மிருகவதைத் தடைக்கென 1907இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் தண்டம் நூறு ரூபாய்க்கு மேற்படவில்லை. மேய்ந்து வாழும் என்று நினைத்து விட்டவரின் எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். அவர் விட்ட பூமி அப்படியே இருக்கும் என்று அவருக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது?

எல்லா அவிழ்ப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லாவிட்டால் நான் நியாயமற்றவனாவேன். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். நான் அப்போது சிறுவன். பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் அவர்கள் தங்கியிருந்த நாட்களில், எங்கள் வீட்டில் வந்திருந்த ஒரு மூத்தம்மா தன்னுடைய ஆடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வீட்டைப் பற்றி, நகையைப் பற்றி அவர் அவ்வளவு பேசவில்லை. வெளிக்கிடும்போது எல்லாக் கயிற்றையும் அவிழ்த்து, தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு வந்ததாகச் சொன்னார். கடைசி ஆட்டுக்கு அவிழ்த்தேனா இல்லையா என்று திரும்பத் திரும்பத் தன் மகளிடம் கேட்டார். மகள் அவிழ்த்தாய் உம்மா, அவிழ்த்தாய் என்பார். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்திலும் கயிறு அவிழ்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த மூத்தம்மாவிடம் மறுமையில் ஆடுகளைப் பற்றிக் கேள்வி இருக்குமா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால், கட்டாயத்தில் அவிழ்த்த ஒருவர் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். சலித்துப்போய் அவிழ்ப்பவர்கள் கேட்பதில்லை.

மனிதன் சாப்பாட்டுக்குத் திண்டாடும் நாட்டில் கிளிக்கும் கழுதைக்கும் கட்டுரையா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான், கேட்க வேண்டிய கேள்வியும்தான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். பால்மாவுக்கு அலைந்தோம். அந்த மாதங்களில்தான் தெருவில் புதிய நாய்கள், கழுத்தில் பட்டியின் தழும்போடு தெரியத் தொடங்கின. அவற்றைக் கைவிட்டவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. பிள்ளைக்கா நாய்க்கா என்றால் பிள்ளைக்குத்தான். நபகாவின் வரிசையிலும் பிள்ளை முன்னே, பிராணி பின்னே. எனவேதான் கேள்வியை எடுத்துக்கொள்ளும் முன்னால் கேட்க வேண்டும் என்கிறேன். கஷ்டம் வந்த பிறகு அந்தக் கேள்விக்குச் சரியான விடை எதுவும் மிஞ்சுவதில்லை. நல்ல நாளின் வருமானத்தைக் கொண்டு கணக்குப் பார்ப்பவர் கணக்கே பார்க்கவில்லை. வெங்காயம் விலை போகாத வருடத்தில், கடல் கொந்தளித்து வள்ளம் போகாத மாதத்தில், இந்த உயிருக்கு என்ன கொடுப்பேன் என்று பார்க்க வேண்டும்.

வளர்க்கவே வேண்டாம் என்று சொல்ல நான் விரும்பவில்லை. பிள்ளைகளுக்கு உயிர்களோடு பழக்கம் வேண்டும். பாடப் புத்தகத்துப் படத்தில் கருணை வராது. ஆட்டுக்குட்டிக்குக் குழை ஒடித்துப் போடும் பிள்ளைக்கு, பிறரின் பசி என்றால் என்னவென்று தனியே படிப்பிக்கத் தேவையில்லை. நமது மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய, நம் வீட்டு மிச்சத்தில் வாழக்கூடிய, வைத்தியம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும் பிராணிகள் நம்மிடம் இல்லாமலில்லை. ஆடு, கோழி, பூனை. பூனைக்குத் தந்தை என்று பெயர் பெற்ற ஸஹாபி ஒருவரே நமக்கு இருக்கிறார். காணொளியில் அழகாகத் தெரியவில்லை என்பது மட்டுமே இவற்றின் குறை.

எனக்கே விடை தெரியாத ஓர் இடமும் உண்டு. காணிக்காரர் பட்டுப்போன தென்னையைத் தறிக்கிறார். பொந்திலிருந்து கண் திறவாத இரண்டு அணிற்குஞ்சுகள் விழுகின்றன. தாய் ஓடிவிட்டது. நமது பிள்ளை அதைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறது. இது எடுத்ததா, அடைக்கலம் கொடுத்ததா? பால் ஊட்டிப் பஞ்சு வைத்து வளர்த்தால் மனிதக் கைக்குப் பழகிவிடும், பிறகு பூனைக்குப் பயப்படாது. வளர்க்காவிட்டால் இன்றிரவே சாகும். முதலில் அவற்றைத் தறித்த மரத்தடியிலேயே ஒரு சிரட்டையில் வைத்து, மறைந்து நின்று, அஸர் வரைக்கும் தாய் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். அநேக வேளைகளில் வருகிறது. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஏறிவிடுகிறது. வராத நாட்களும் உண்டு.